பாங்காங் ஏரியின் மேல் 329 முறை

2013 ஜூலையில் வந்த அந்தச் செய்தியைப் பலர் மறந்திருப்பார்கள். சீனாவின் உளவு ட்ரோன் என்று நினைத்து, லடாக் எல்லையில் நம் ராணுவம் ஆறு மாதமாக வெள்ளி, வியாழன் கிரகங்களைக் கண்காணித்துக்கொண்டிருந்தது என்பதுதான் செய்தி. வெளிநாட்டு ஊடகங்கள் வரை போனது. பார்த்த இடமெல்லாம் சிரிப்பு. கிரகத்துக்கும் ட்ரோனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா எல்லையைக் காக்கிறார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. அந்தச் சிரிப்பில் எனக்கு அன்றைக்கும் உடன்பாடு இல்லை, இன்றைக்கும் இல்லை. நடந்ததை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தால், அந்த ஜவான்கள் ராத்திரி ராத்திரியாக எழுதி வைத்த குறிப்புகள் இல்லாமல் விடையே கிடைத்திருக்காது என்பது தெரியும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாங்காங் ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கு மேற்காகச் சுமார் 134 கிலோமீட்டர் நீளம். மேற்கே மூன்றில் ஒரு பங்கு நம் கையில், மீதி சீனாவின் கையில். கட்டுப்பாட்டுக் கோடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அது சரியாக எங்கே போகிறது என்பதில் இரண்டு நாடுகளுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஏரியின் தென்கரையில் தாக்குங் என்ற இடத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் முகாம் இருக்கிறது. அங்கே நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது திபெத் மலைகள். இந்தத் திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

2012 ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 15 வரைக்குள் தாக்குங்கில் இருந்தவர்கள் நூறு முறைக்கு மேல் ஒளிரும் பொருள்களைப் பார்த்ததாக அறிக்கை அனுப்பினார்கள். மஞ்சள் நிற உருண்டை. சீனப் பக்கத்து மலை முகட்டிலிருந்து கிளம்புகிறது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் மெதுவாக வானத்தைக் கடக்கிறது. அப்புறம் காணாமல் போகிறது. லே நகரத்தில் இருக்கும் ராணுவப் படைப்பிரிவான 14-வது கோர் இதை டெல்லிக்குத் தெரிவித்தது.

ராணுவம் சும்மா இருக்கவில்லை. செப்டம்பரில் ஏரிக்குப் பக்கத்து மலை உச்சிக்கு ஒரு நடமாடும் ரேடாரையும், ரேடியோ அலைகளை அலசும் கருவியையும் ஏற்றினார்கள். அந்த உயரத்தில் ஒரு தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே மூச்சு வாங்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பொருள் ரேடார் திரையில் வரவில்லை. எந்த ரேடியோ அலையும் சிக்கவில்லை. ஆளில்லா விமானம் ஒன்றை அதை நோக்கி அனுப்பினார்கள். அது தன்னால் ஏற முடிந்த உயரம் வரைக்கும் ஏறியும் பொருளை நெருங்க முடியவில்லை, கடைசியில் பார்வையிலிருந்தே தவறவிட்டுவிட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வும், தொழில்நுட்ப உளவு அமைப்பான என்.டி.ஆர்.ஓ.வும் விசாரணைக்குள் வந்தன.

ஒரு ராணுவ அதிகாரியின் இடத்தில் இருந்து இதை யோசித்துப் பாருங்கள். ரேடாருக்குத் தெரியாத, ரேடியோ சத்தம் எழுப்பாத, நம் விமானம் எட்ட முடியாத ஒரு விளக்கு, எதிராளியின் பக்கத்திலிருந்து தினமும் கிளம்பி நம் தலைக்கு மேல் வருகிறது. கிடைத்த தகவல் ஒவ்வொன்றும் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். உலோகம் இல்லாத புதுவகைப் பொருளோ என்ற சந்தேகம் எழுந்தது. உண்மையில் அந்த மூன்று தோல்விகளும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னன: அது மிக மிகத் தூரத்தில் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் வெள்ளி நம்மிடமிருந்து சுமார் பத்துக் கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ரேடார் அலை அங்கே போய்த் தொட்டுத் திரும்பி வர ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும். வியாழன் அந்த டிசம்பரில் நமக்கு நெருங்கி வந்தபோதே 60 கோடி கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கும் மேல். வெள்ளியிலிருந்து ரேடார் எதிரொலியைப் பிடிக்க 1961-இல்தான் மனிதனால் முடிந்தது, அதற்கே ராட்சத ஆன்டெனாக்கள் தேவைப்பட்டன. மலை மேல் ஏற்றிய போர்க்கள ரேடாரில் ஒன்றும் விழாதது இயல்புதான்.

செப்டம்பர் கடைசியில் ஹான்லேயிலிருந்து வானியலாளர்கள் வந்து மூன்று நாள் பார்த்தார்கள். ஹான்லே என்பது ஏரிக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்திய வானாய்வகம். பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துவது. நம் காவலூர், கொடைக்கானல் ஆய்வகங்களும் இதே நிறுவனத்தைச் சேர்ந்தவைதான். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய மதராஸ் வானாய்வகம்தான் அந்த நிறுவனத்தின் வேர். அந்த மூன்று நாள் பார்வைக்குப் பிறகு, அவை வான்பொருள்கள் அல்ல என்று சொல்லப்பட்டதாக நவம்பரில் பத்திரிகையில் செய்தி வந்தது. அது வந்ததும் பரபரப்பு இன்னும் கூடியது. வேற்றுக்கிரகத் தட்டுகள் வரைக்கும் பேச்சு போனது. பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில், அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்கள் வந்ததற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை என்று பதில் சொன்னார்.

பார்த்துக் குறித்துக்கொள்வது அதற்கப்புறமும் நிற்கவில்லை. 2013 பிப்ரவரி வரை மொத்தம் 329 முறை பார்த்ததாகப் பதிவானது. அதில் 155 முறை கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் ஊடுருவியதாகக் கணக்கு.

விடை வந்தது இப்படி. முதல் பொருள் மாலை ஆறு மணி வாக்கில் எழுந்து காலை ஐந்து மணி வரை தெரிகிறது. இரண்டாவது, விடியற்காலை நான்கு மணி வாக்கில் வந்து பதினோரு மணி வரை இருக்கிறது. இவ்வளவு துல்லியமாக அட்டவணை போட்டுக்கொண்டு எந்த ட்ரோனும் வராது. வானியற்பியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் ஜவான்களிடம் கேட்டது விலையுயர்ந்த எதையும் அல்ல. அந்த ஒளி எந்தத் திசையில், அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களை ஒப்பிட்டால் எப்படி நகர்கிறது என்பதைக் குறித்துத் தரச் சொன்னார்கள். குறிப்பு கைக்கு வந்ததும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. முதலாவது வியாழன், இரண்டாவது வெள்ளி. அந்த நிறுவனத்தின் துஷார் பிரபு அப்போது பத்திரிகைகளிடம் இதை விளக்கினார்.

நட்சத்திரங்களோடு ஒப்பிடுவதில் என்ன அப்படி விசேஷம்? ஒரு ட்ரோனோ பலூனோ செயற்கைக்கோளோ நமக்கு அருகில் பறப்பது. அது நகரும்போது பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு போகும். கிரகம் அப்படிப் போகாது. சாயங்காலம் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதோ, விடியும்வரை அதே நட்சத்திரத்தோடு சேர்ந்துதான் மேற்கே போகும். பல நாள் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கொஞ்சம் இடம் மாறியிருப்பது தெரியும். அந்த டிசம்பரில் வியாழன் ரோகிணி நட்சத்திரத்துக்கு மேலே ஏறக்குறைய ஐந்து பாகை தள்ளி இருந்தது. கையை நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் மறையும் தூரம். ரோகிணி செம்மஞ்சளாக மின்னும், வியாழன் அசையாமல் வெளிர் மஞ்சளாக நிற்கும். இரண்டையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்துவிட்டால் அடுத்த நாளே அடையாளம் தெரிந்துவிடும்.

நம் வீடுகளில் யாருக்கும் இது புதுச் செய்தி கிடையாது. 2012 மே மாதம் குருப்பெயர்ச்சி, மேஷத்திலிருந்து ரிஷபத்துக்கு. ரோகிணி இருப்பது ரிஷபத்தில். அக்டோபர் தொடக்கத்திலிருந்து ஜனவரிக் கடைசி வரை குரு வக்கிரம். ஜோதிடப் பலன்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் குரு எங்கே நிற்கிறார் என்று பஞ்சாங்கம் சொல்லும் இடம் வானத்தில் கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஒன்று. தாக்குங்கில் ராணுவம் தேடிய பொருளின் இருப்பிடம், அந்த வருஷத்து ராசிக்கட்டத்தில் அச்சாகி, தமிழ்நாட்டில் ஒவ்வொரு பூஜை அறையிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 2012 மார்கழியில் வெள்ளியும் வியாழனும் வானத்தில் ஏறக்குறைய நேர் எதிரெதிராக நின்றன. விடியலுக்கு முன் கிழக்கே வெள்ளி எழும் வேளையில் மேற்கே வியாழன் இறங்கிக்கொண்டிருந்தது. 'வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று' என்று திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் ஆண்டாள் சொன்ன அதே அமைப்பு. அந்த ஒரு வரியை வைத்து அவருடைய காலத்தைக் கணக்கிட முயன்ற அறிஞர்கள் இருக்கிறார்கள். வில்லிபுத்தூரில் பொழுது விடிந்ததற்கு அடையாளமாகத் தோழியை எழுப்பச் சொன்ன காட்சி, பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு அப்புறம் லடாக்கில் எல்லை மீறலாகப் பதிவேட்டில் ஏறியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அப்படியானால் அங்கே நின்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை? இதற்குப் பதில் அந்த மலையில் இருக்கிறது. சமவெளியில் கிரகம் எழும்போது அடிவானத்துப் புகையிலும் தூசியிலும் மங்கிப்போய், சிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரகாசமாகும். நாம் கவனிப்பதற்குள் பாதி வானம் ஏறிவிடும். பாங்காங்கில் அப்படி நடக்காது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். காற்றில் ஈரமும் தூசியும் மிகக் குறைவு. கிழக்கே மலை முகடு உயரமாக மறைத்துக்கொண்டிருக்கும். கிரகம் அந்த முகட்டுக்கு மேலே தலைகாட்டும்போதே முழு வெளிச்சத்தோடு சட்டென்று முளைக்கும். யாரோ மலைக்கு அந்தப் பக்கம் இருந்து ஏவிவிட்ட மாதிரியே இருக்கும். வெள்ளி அப்போது வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஒளியோடு இருந்தது. அவ்வளவு தெளிந்த காற்றில், சூரியன் வந்த பிறகும் இடம் தெரிந்தவர் கண்ணுக்கு அது பகலில் தெரியும். காலை பதினோரு மணி வரை பார்த்தோம் என்று ஜவான்கள் எழுதியதை நான் முழுக்க நம்புகிறேன். அதற்கு எவ்வளவு கூர்ந்த பார்வை வேண்டும் என்று வானம் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும்.

கண்ணும் ஏமாற்றும். சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது ஒற்றை ஒளிப்புள்ளியையே உற்றுப் பார்த்தால், அசையாத புள்ளி அசைவது போலத் தெரியத் தொடங்கும். பக்கவாட்டில் நழுவும், சில சமயம் நம்மை நோக்கி வரும். கருவிழியின் சிறு துடிப்புகளை ஒப்பிட்டுச் சரிசெய்ய மூளைக்கு அருகில் வேறு பொருள் இல்லாததால் வரும் தோற்றம் இது. 1799-இல் தெனரீஃப் தீவின் மலையில் நின்ற ஹம்போல்ட், நட்சத்திரங்கள் ஆடுவதாகக் கண்டு எழுதி வைத்தார். அது கண்ணின் வேலை என்று பிற்பாடுதான் தெரிந்தது. உலகத்தின் பெரிய இயற்கை அறிஞருக்கே நேர்ந்தது, உறைபனியில் துப்பாக்கியோடு நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு நேராதா?

அப்புறம் அந்த 155 ஊடுருவல்கள். கிரகங்கள் எல்லாமே கிழக்கே எழுந்து மேற்கே போகின்றன. தாக்குங்கில் கிழக்கு என்றால் சீனா. ஆக, எழும் ஒவ்வொரு கிரகமும் சீனாவிலிருந்து கிளம்பி இந்தியாவுக்குள் வந்தே தீரும். அந்தக் குளிர்காலத்தில் வியாழன் வடக்கே தள்ளியிருந்ததால், லடாக்கில் நடு ராத்திரியில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே வந்து போனது. தலைக்கு மேலே வந்து நிற்கும் விளக்கை எந்தக் காவலாளி எல்லைக்கு அப்பால் இருப்பதாக எழுதுவார்?

எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். வேலூர்ப் பக்கம் இது சகஜம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இங்கே நிறைய. லடாக்கில் பணியாற்றியவர். என் மொட்டைமாடித் தொலைநோக்கியில் வியாழனின் நான்கு நிலாக்களைக் காட்டியபோது இந்தக் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"தம்பி, டியூட்டில நிக்கிறவன் இது கிரகமா ட்ரோனான்னு முடிவு பண்ணக் கூடாது. பார்த்ததைப் பார்த்த நேரத்தோட எழுதணும். முடிவு பண்ண மேல ஆள் இருக்காங்க."

"தினமும் அதே விளக்கு வந்தா சலிச்சுப் போகாதாண்ணா?"

"சலிச்சுப் போயி ஒரு நாள் எழுதாம விட்டா, அன்னிக்குத்தான் நிஜமாவே ஏதாவது வரும்."

அவர் சொன்னதற்கு அப்புறம் 329 என்ற எண்ணை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை இருநூறுக்குச் சற்று மேற்பட்ட இரவுகள். இரண்டு கிரகங்கள். மேகமும் பனியும் மூடிய இரவுகளைக் கழித்துவிட்டால் மிஞ்சக்கூடிய எண்ணிக்கைக்கு இது ரொம்பப் பக்கத்தில் வருகிறது. அதாவது, தெரிந்த இரவுகளில் பெரும்பாலும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஒரு வானியல் மாணவன் இப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தால் ஆசிரியர் தோளில் தட்டிக்கொடுப்பார்.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. ரேடார் மலையேறியது, விமானம் பறந்தது, இரண்டு பெரிய அமைப்புகள் உள்ளே வந்தன. இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, முதல் வாரத்திலேயே, நேரத்தையும் திசையையும் குறித்து 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் அன்று மாலையே பதில் வந்திருக்கும். எல்லையில் எல்லாமே ரகசியம் என்ற பழக்கம் அதைத் தடுத்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆறு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. 2013 ஏப்ரலில் தௌலத் பேக் ஓல்டி பகுதியில் தெப்சாங் சமவெளியில் சீன வீரர்கள் கூடாரம் போட்டு மூன்று வாரம் நகர மறுத்தார்கள். அப்படிப்பட்ட சூழ்நிலையில், தவறாக அடையாளம் கண்ட ஒரு விளக்கை நோக்கி ஒருவர் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பெரிய வல்லரசுகளுக்கும் இது நடந்திருக்கிறது. 1960 அக்டோபர் 5 அன்று, கிரீன்லாந்தின் தூலேயில் அமெரிக்கா புதிதாக நிறுவியிருந்த ஏவுகணை எச்சரிக்கை ரேடார், சோவியத் தாக்குதல் வருகிறது என்று அலறியது. அடிவானத்தில் எழுந்துகொண்டிருந்த நிலாவில் பட்டுத் திரும்பிய எதிரொலி அது. லடாக்கில் ரேடார் எதையும் காட்டாததால் குழப்பம், தூலேயில் காட்டியதால் குழப்பம்.

அதற்காக, வானத்தில் எதைப் பார்த்தாலும் வெள்ளி என்று சொல்லிக் கோப்பை மூடுவதும் தப்பு. 1948 ஜனவரி 7 அன்று, அமெரிக்காவின் கென்டக்கியில் அடையாளம் தெரியாத ஒரு பொருளைத் துரத்திக்கொண்டு தாமஸ் மாண்டெல் என்ற விமானி மேலே மேலே ஏறினார். ஆக்சிஜன் வசதி இல்லாத விமானம். நினைவிழந்து, விமானம் விழுந்து இறந்தார். அவர் துரத்தியது வெள்ளிக் கிரகம் என்று விமானப்படை முதலில் சொன்னது. பட்டப்பகலில் அவ்வளவு பெரிதாக வெள்ளி தெரிந்திருக்க முடியாது என்ற கேள்வி விடாமல் வந்தது. பிற்பாடு, கடற்படை அப்போது ரகசியமாக விட்டுக்கொண்டிருந்த ஸ்கைஹூக் என்ற ராட்சத பலூன்தான் அது என்ற விளக்கம் ஏற்கப்பட்டது. லடாக்கில் வெள்ளி என்பது சரியான விடை ஆனதற்குக் காரணம், அதை நிரூபிக்கும் குறிப்புகள் கையில் இருந்ததுதான்.

வெள்ளி எட்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஓரிரு நாள் வித்தியாசத்தில், அதே மாதத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரும். 2012 ஆகஸ்டில் தாக்குங்கில் தெரிந்த அதே விடிவெள்ளி, 2020 ஆகஸ்டிலும் அதே மலைக்கு மேலே அதே நேரத்தில் எழுந்தது. அது கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்த வருஷம். அந்த ஆகஸ்டின் கடைசியில், தாக்குங்குக்குப் பக்கத்து உச்சிகளில் நம் படைகள் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி நிலைகொண்டன. இரண்டு பக்கமும் பல்லாயிரம் பேர், நிஜமான ட்ரோன்களோடு. அடுத்த சுற்று 2028 ஆகஸ்டில் வரும். அன்றைக்குக் கிழக்கே பார்த்துக் காவல் நிற்கப்போகிறவருக்கு, அந்த மாதம் எந்தக் கிரகம் எந்த முகட்டில் எத்தனை மணிக்கு எழும் என்று ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஹான்லேயில் இருப்பவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை.